அம்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

வெள்ளவத்தையில் மாலை நேர வயரிங் வகுப்பொன்றில் பாடம் எடுக்கிறேன். போன தவணை, "ட்ரிப் சுவிட்ச் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு ஒரு மாணவன் வரி பிசகாமல் விடை எழுதியிருந்தான். முழுப் புள்ளியும் போட்டேன். அடுத்த வாரம் அதையே எண்ணக்கருப் படமாக வரையச் சொன்னேன். ட்ரிப் சுவிட்சிலிருந்து ஓர் அம்பு, அதன் மேல் "தடுக்கும்", முனையில் "ஓவர்லோட்".

அது பிழை. லைவ் வயரால் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலால் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுவதுதான் ட்ரிப் சுவிட்சின் வேலை. யாராவது ஒருவரின் உடம்பு வழியாகவோ ஏர்த் வயர் வழியாகவோ கசிந்தால் இரண்டும் சமனாக இராது. வீடுகளில் வழக்கமாகப் பூட்டும் வகையில், அந்த வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டுவதற்குள் கரண்ட் துண்டிக்கப்படும். கேத்தில், அயர்ன், ஹீட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மின்னோட்டம் கூடும், சரி. ஆனால் போனது முழுக்கத் திரும்பி வருகிறதே, ட்ரிப் சுவிட்சுக்கு அது கணக்கிலேயே இல்லை. அதைக் கவனிப்பவை பக்கத்தில் வரிசையாக நிற்கும் பிரேக்கர்கள். வரைவிலக்கணத்தைப் பாடமாக்கியவன் இது விளங்காமலே பாஸாகிவிடலாம்.

எண்ணக்கருப் படத்தில் ஒளிந்துகொள்ள இடம் குறைவு. பெட்டிகளுக்குள் எண்ணக்கருக்கள், இடையில் அம்புகள், அம்பின் மேல் இணைப்புச் சொல். பெட்டி, அம்பு, பெட்டி என்று சேர்த்து வாசித்தால் ஒரு வசனம் வர வேண்டும். அது சரியா பிழையா என்று கேட்கலாம். 1972இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழு இதை உருவாக்கியது. பிள்ளைகளின் அறிவியல் விளக்கம் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்று நேர்காணல்களில் தேடியவர்களுக்கு, அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி தேவைப்பட்டது. புதிதாகக் கற்பது ஏற்கெனவே தெரிந்ததோடு கொளுவினால்தான் நிற்கும் என்ற உளவியலாளர் டேவிட் ஓசுபெலின் கருத்துதான் அடித்தளம்.

புள்ளியிடுவதுதான் தலையிடி. நோவாக்கும் அவரோடு சேர்ந்து எழுதிய கோவினும் 1984இல் தந்த முறையில் சரியான தொடர்புக்கு 1, ஒவ்வொரு படிநிலைக்கும் 5, படத்தின் ஒரு பகுதியை இன்னொன்றோடு சேர்க்கும் நல்ல குறுக்கிணைப்புக்கு 10, உதாரணத்துக்கு 1. குறுக்கிணைப்புக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தது நியாயம்தான். ஆனால் இந்தப் புள்ளிக் கணக்குத் தெரிந்த மாணவர்கள் தாள் முழுக்கக் கோடு இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் நான் ஒவ்வோர் அம்பையும் தனியாக வாசித்து, பிழைக்கு 0, மேலோட்டமானதற்கு 1, துல்லியமானதற்கு 2 போடுகிறேன். "தொடர்புடையது" என்ற சொல்லுக்கு என் வகுப்பில் தடை. எதற்கும் பொருந்தும் சொல் அது.

சொற்பட்டியல் கொடுத்தால் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது சுலபம். வெற்றுத் தாள் கொடுத்தால் எதை விட்டுவிட்டார்கள் என்பது தெரியும். தவணை முடிவில் எனக்கு அதுதான் பிடிக்கும். நாற்பது தாள் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்பது வேறு கதை.

அந்த மாணவனின் படத்தில் நான் சிவப்பு மை வைக்கவில்லை. "பிரேக்கர்" என்ற பெட்டியை மட்டும் ஓர் ஓரத்தில் கீறிவிட்டு, "இதையும் சேர்த்து வாசியும்" என்றேன். வாசித்தான். கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப சேர், ரெண்டும் ஒரே வேலையா செய்யுது?"

அழிறப்பரைத் தேடத் தொடங்கினான்.