‘டு’வா, ‘ஆஃப்’பா, ‘தட்’டா? ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் எதிர்காலம் நிற்கும் விதம்

1961 மே 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகள் முன்பும் ஜான் கென்னடி பேசினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அந்த இலக்கை அடைய நாடு உறுதி ஏற்க வேண்டும் என்றார். அவர் சொன்ன ஆங்கிலத்தை அப்படியே கேளுங்கள்: “கமிட் இட்செல்ஃப் டு அச்சீவிங் த கோல், பிஃபோர் திஸ் டெக்கேட் இஸ் அவுட், ஆஃப் லேண்டிங் எ மேன் ஆன் த மூன் அண்ட் ரிட்டர்னிங் ஹிம் சேஃப்லி டு த எர்த்.”

நாளை நடக்க வேண்டியதைப் பற்றிய பேச்சுதான். ஆனால் இதில் ஒரு ‘வில்’ கூட இல்லை. பத்தாண்டு முடிவதைக்கூட ‘இஸ் அவுட்’ என்று நிகழ்காலத்தில்தான் சொல்கிறார். அப்படியானால் எதிர்காலம் எங்கே இருக்கிறது? ‘கோல்’ என்ற பெயர்ச்சொல்லுக்குள் இருக்கிறது. இலக்கு என்றாலே இன்னும் எட்டாத ஒன்று. அதன் பின்னால் வரும் ‘லேண்டிங்’, ‘ரிட்டர்னிங்’ இரண்டுக்கும் சொந்தமாகக் காலம் கிடையாது. முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லிடமிருந்துதான் அவை காலத்தை வாங்கிக்கொள்கின்றன.

தமிழில் வளர்ந்த நமக்கு இது சற்றுப் புதிய ஏற்பாடு. நம் பெயரெச்சம் காலத்தைத் தன் உடம்பிலேயே காட்டும்: கட்டிய பாலம், கட்டுகிற பாலம், கட்டும் பாலம். அது பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் பின்னால் வரும். ‘பிளான் டு அட்டெண்ட்’ என்றால் போகும் திட்டம், ‘ஃபெயில்யர் டு அட்டெண்ட்’ என்றால் போகாமல் விட்டது, ‘அபிலிட்டி டு அட்டெண்ட்’ என்றால் போகக்கூடிய நிலை. மூன்றிலும் ‘டு அட்டெண்ட்’ ஒன்றேதான். வேறுபாடு முழுக்கப் பெயரில் இருக்கிறது.

‘வில்’லை ஏன் அங்கே வைக்க முடியாது? பழைய ஆங்கிலத்தில் ‘வில்’ விரும்புவதையும், ‘ஷால்’ கடன்பட்டிருப்பதையும் குறித்த வினைகள். நாளடைவில் துணைவினைகளாகத் தேய்ந்தபோது இவற்றுக்கு ‘டு’ ஏற்கும் வடிவம் இல்லாமல் போனது. அதனால் ‘பிளான் டு வில் கோ’ என்று ஒருபோதும் வராது. ‘வில்’ வேண்டுமென்றால் எழுவாயோடு கூடிய முழு வாக்கியம் வேண்டும், அதற்குத்தான் ‘தட்’. மற்ற இடங்களில் ‘டு’வும் ‘ஆஃப்’பும்தான் வேலை செய்ய வேண்டும்.

‘டு’வின் பூர்வீகம் அழகானது. அது முதலில் வெறும் திசைச் சொல்: ஓர் இடத்தை நோக்கி. பழைய ஆங்கிலத்தில் அதன் பின் வந்த வினை, நான்காம் வேற்றுமை ஏற்ற பெயரைப்போல விகுதி பெற்றிருந்தது. இடத்தை நோக்கி என்பது செயலை நோக்கி என்றாகி, பிறகு நோக்கமாக மாறியது. ‘சென்னைக்கு’ என்பதிலும் ‘பார்ப்பதற்கு’ என்பதிலும் ஒரே ‘கு’ இருப்பதைக் கவனித்தால் நமக்கு இது உடனே பிடிபடும். உலகின் பல மொழிகள் இதே வழியில் நடந்திருக்கின்றன. ஆகவே, ஒருவர் மனத்தைச் செயலை நோக்கித் திருப்பும் பெயர்கள் ‘டு’வை எடுக்கின்றன: பிளான், டிசிஷன், பிராமிஸ், அட்டெம்ப்ட், ஆஃபர், த்ரெட், ரெஃப்யூசல்.

‘இங்’ விகுதியோ பழைய தொழிற்பெயர் விகுதியிலிருந்து வந்தது. ‘ஆஃப் லேண்டிங்’ என்னும்போது செயல் ஒரு பொருளாகிவிடுகிறது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், எடைபோடலாம். அதனால் நடக்குமா நடக்காதா என்று எடைபோடும் பெயர்கள் இந்தப் பக்கம் சேர்கின்றன: பாசிபிலிட்டி, ப்ராஸ்பெக்ட், ரிஸ்க், டேஞ்சர், லைக்லிஹூட். ‘பாசிபிலிட்டி டு வின்’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ‘பாசிபிலிட்டி ஆஃப் வின்னிங்’ என்பதே சரி.

இரண்டையும் ஏற்கும் ‘சான்ஸ்’ என்ற சொல்லில் இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரியும். ‘எ சான்ஸ் டு வின்’ என்றால் வெல்ல ஒரு வாய்ப்பு: களம் திறந்திருக்கிறது, இறங்குவது உன் கையில். ‘எ சான்ஸ் ஆஃப் வின்னிங்’ என்றால் வெல்வதற்கான நிகழ்தகவு. பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று எண் போட வேண்டுமானால் ‘ஆஃப்’ பக்கம் போவதே இயல்பு.

‘இன்டென்ஷன்’ இன்னும் நுட்பமானது. பதவி விலகும் முடிவை அறிவிப்பவர் ‘ஹிஸ் இன்டென்ஷன் டு ரிசைன்’ என்பதை அறிவிக்கிறார். அதையே மறுக்கும்போது ‘ஐ ஹாவ் நோ இன்டென்ஷன் ஆஃப் ரிசைனிங்’ என்பதுதான் இயல்பாக வாயில் வருகிறது. ‘நோ இன்டென்ஷன் டு’ பிழையல்ல. ஆனால் ‘நோ’, ‘எவ்ரி’ போன்றவை முன்னால் வந்தால் ‘ஆஃப்’ பழகிய தடம்.

எந்தப் பெயருக்கு எது என்று தெரியாதபோது, அதன் மூல வினையையோ பெயரடையையோ பாருங்கள். ‘டிசைட் டு’ என்பதால் ‘டிசிஷன் டு’. ‘ரெஃப்யூஸ் டு’ என்பதால் ‘ரெஃப்யூசல் டு’. ‘வில்லிங் டு’ என்பதால் ‘வில்லிங்னெஸ் டு’. நம் ‘விலகுவதற்கான முடிவு’ என்பதை அப்படியே மாற்றி ‘டிசிஷன் ஃபார் ரிசைனிங்’ என்று எழுதுவது இங்கேதான் வழுக்குகிறது. இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்கும், கைவிடும் இடங்களை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ‘ஹோப் டு வின்’ என்பது வினையாகச் சரி, பெயரானால் ‘ஹோப் ஆஃப் வின்னிங்’. ‘ப்ரிஃபர் டு’ பெயராகும்போது ‘ப்ரிஃபரன்ஸ் ஃபார்’. ‘லைக்லி டு’ பெயரானதும் ‘லைக்லிஹூட் ஆஃப்’.

அடுத்த கேள்வி, செயலை யார் செய்வது? ‘டு’ வந்தால் செய்பவர் வெளியே தெரியமாட்டார். பெயர்ச்சொல்தான் ஆளைக் காட்டும். ரவி மாலாவிடம் தந்த ‘பிராமிஸ் டு கம்’ என்றால் வரப்போவது ரவி. ரவி மாலாவுக்கு இட்ட ‘ஆர்டர் டு கம்’ என்றால் வர வேண்டியவர் மாலா. வேறொருவரைச் சொல்ல வேண்டுமென்றால் ‘பிளான் ஃபார் த வொர்க்கர்ஸ் டு ஸ்டார்ட் அட் சிக்ஸ்’ என்று ‘ஃபார்’ போட்டு ஆளை நுழைக்கலாம். ‘பிராமிஸ்’ அந்த வழிக்கு எளிதில் வராது. அதற்கு ‘தட்’தான் ஏற்றது: ‘த பிராமிஸ் தட் டாக்சஸ் வில் நாட் ரைஸ்’. வாக்குக் கொடுத்தவர் வேறு, உயராமல் இருக்க வேண்டியது வரி. இங்கேதான் ‘வில்’லும் உள்ளே வருகிறது. கதை கடந்த காலத்தில் நடந்தால் அது ‘வுட்’ ஆகும். வாக்கு இன்னும் உயிரோடு இருந்தால் ‘வில்’லாகவே விடலாம்.

‘தட்’டில் ஒரு பொறி உண்டு. ‘த பிராமிஸ் தட் ஹீ மேட்’, ‘த பிராமிஸ் தட் ஹீ வுட் ரிட்டர்ன்’ இரண்டும் பார்வைக்கு இரட்டையர்கள். தமிழாக்கினால் ஒரே நொடியில் பிரிந்துவிடும்: ‘அவர் தந்த வாக்குறுதி’, ‘அவர் திரும்பி வருவார் என்ற வாக்குறுதி’. முதலாவதில் ‘தட்’டை எடுத்துவிட்டு ‘விச்’ போடலாம், இரண்டாவதில் போடவே கூடாது. நம் ‘என்ற’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘விச்’ வராது என்று வைத்துக்கொண்டால் தவறு நேராது.

கோரிக்கையையும் பரிந்துரையையும் குறிக்கும் பெயர்களில் ‘தட்’டுக்குப் பின் ‘வில்’லும் வராது: ‘த டிமாண்ட் தட் ஹீ ரிசைன்’. ‘ரிசைன்ஸ்’ என்று ‘ஸ்’ சேர்த்தால் தேர்வுத்தாளில் பெரும்பாலும் பிழையாகும். அமெரிக்க வழக்கில் இந்த மொட்டை வினை இயல்பு, பிரிட்டனில் ‘ஷுட் ரிசைன்’ என்பதும் பரவலாக உண்டு.

இனி கென்னடியின் வாக்கியத்துக்குத் திரும்பினால் அங்கே ஒரு விசித்திரம் தெரியும்: ‘டு அச்சீவிங்’. ‘டு’வுக்குப் பிறகு ‘இங்’ எப்படி வந்தது? அது வினைக்கு முன் வரும் ‘டு’ அல்ல, பழைய திசைச் சொல்லான ‘டு’. ‘ஆப்ஜெக்ஷன் டு’, ‘டெடிகேஷன் டு’ போன்றவற்றில் இருப்பதும் அதுவே. பிரித்தறிய ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஆப்ஜெக்ஷன் டு இட்’ நிற்கும், அதனால் ‘இங்’ வரும். ‘டிசிஷன் டு இட்’ நிற்காது, அதனால் வெறும் வினைதான். ‘கமிட்மென்ட்’ மட்டும் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது. ‘டு ரெட்யூஸ்’, ‘டு ரெட்யூசிங்’ இரண்டையும் நல்ல எழுத்தில் பார்க்கலாம்.

நாளிதழ்த் தலைப்பில் வரும் ‘பி.எம். டு விசிட் சென்னை’ இந்தக் குடும்பம் அல்ல. பெயருக்குப் பின்னால் ‘டு’ நிற்பதுபோலத் தெரிந்தாலும், இடம் மிச்சப்படுத்த ‘இஸ்’ஸை வெட்டியிருக்கிறார்கள். முழு வடிவம் ‘இஸ் டு விசிட்’.

‘டு’ என்றாலே எதிர்காலம் என்று முடிவுகட்ட நினைப்பவர்களுக்கு நிலவே பதில் வைத்திருக்கிறது. 1969 ஜூலை 20 அன்று, அமெரிக்க நேரப்படி, நீல் ஆம்ஸ்ட்ராங் ‘த ஃபர்ஸ்ட் மேன் டு வாக் ஆன் த மூன்’ ஆனார். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 பயணத்தில் சென்ற யூஜீன் செர்னான் இன்றுவரை ‘த லாஸ்ட் மேன் டு வாக் ஆன் த மூன்’. இரண்டும் நடந்து முடிந்தவை. அதில் ‘லாஸ்ட்’டை எடுத்துவிட்டு ‘நெக்ஸ்ட்’ போட்டுப் பாருங்கள். ‘டு வாக் ஆன் த மூன்’ ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் அந்த மனிதர் இன்னும் நிலவில் கால் வைக்கவில்லை.