‘ப்ரீ-மான்சூன்’ மழையா, கோடை மழையா?

சித்திரை பிறந்து பத்து நாள் ஆனால் போதும், டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் “ராமநாதபுரம் உள்ளிட்ட கடலோர மாவட்டங்களில் ப்ரீ-மான்சூன் மழைக்கு வாய்ப்பு” என்று வரத் தொடங்கிவிடும். இந்தச் சொல் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. வேற்றுமொழிச் சொல் என்பதற்காக மட்டும் இல்லை, நம்ம ராமநாதபுரம் கரைக்கு அது தப்பான தகவலைச் சொல்கிறது. மான்சூனுக்கு முந்தின மழை என்றால், பின்னாலேயே பெரிய மழை வருகிறது என்றுதானே கேட்பவர் நினைப்பார்? கேரளாவில் அது சரி, ஜூன் 1-ஐ ஒட்டி தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கிவிடும். மண்டபத்திலும் கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் மே மாத மழைக்குப் பின்னால் வருவது மறுபடியும் வெயில்தான், கூடவே கச்சான் என்கிற மேல்காற்று. நமக்கான பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில், ஐந்து மாசம் தள்ளி.

மான்சூன் என்ற சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. ‘மவ்சிம்’ என்றால் பருவம், குறித்த காலம். காற்று எப்போது திசை மாறும் என்று பார்த்துத்தான் அந்தக் காலத்தில் இந்தக் கடலில் பாய்க்கப்பல்கள் கிளம்பின, அதனால் கடலோடிகள் வாயில் அந்தச் சொல் காற்றுக் காலத்தைக் குறிப்பதாக ஆனது. போர்ச்சுக்கீசியர் அதை எடுத்துத் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்ற, டச்சுக்காரர் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. இந்தியில் வானிலைக்குச் சொல்கிற ‘மௌசம்’கூட அதே வேரில் வந்ததுதான். இவ்வளவு தூரம் வந்த சொல்லில் மழை எங்கேயும் இல்லை, பாருங்கள். முதலில் காலம், அப்புறம் காற்று, மழை கடைசியில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. நம்ம ‘பருவக்காற்று’ அந்தப் பழைய பொருளை அப்படியே வைத்திருக்கிறது.

கடற்கரையில் இதையே இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள். மேற்கும் தென்மேற்குமாக வீசுவது கச்சான், வடக்கிலிருந்து வருவது வாடை. கச்சான் வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும்; வாடையில் இது அப்படியே தலைகீழ். பாம்பனில் ஒருவர் “கச்சான் வீச ஆரம்பிச்சிருச்சு மாப்ள” என்றால் காற்று மட்டும் இல்லை, எந்தக் கடலில் இறங்குவது, எந்தக் கரையில் வள்ளத்தை ஏற்றுவது எல்லாம் அதில் அடங்கிவிடும். இவர்களிடம் போய் ப்ரீ-மான்சூன் என்றால் அது எந்தக் காற்றுக்கு ‘ப்ரீ’ என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி.

சரி, அப்போது மே மாத மழையை எப்படிச் சொல்வது? கோடை மழை. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். கோடை என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. சங்கப் பாடல்களில் கோடை என்றால் மேற்கிலிருந்து வீசும் வெங்காற்று. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். அந்த மேல்காற்றின் பெயரே அந்தக் காலத்துக்கும் பெயராகிவிட்டது. அதாவது ‘மவ்சிம்’ காலத்திலிருந்து காற்றுக்குப் போனது, ‘கோடை’ காற்றிலிருந்து காலத்துக்கு வந்தது. எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்.

பெரும்பொழுதுக் கணக்கையும் இங்கே பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். கத்திரி முடிந்ததும் வெயில் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம், நம்ம மாவட்டத்தில் இருந்து பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தும். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிட்டு இறங்குவதால் ஆனி, ஆடியில் கமுதி, பரமக்குடிப் பக்கம் அனல், கரையோரத்தில் புழுக்கம். ஜூன் வெயிலை “வெப்பம் மீண்டும் அதிகரிக்கும்” என்று அதிசயம்போலச் சொல்ல வேண்டியதில்லை, அது முதுவேனில், அவ்வளவுதான்.

கோடை மழை தானாகவே தனி வகை. பகலெல்லாம் தரை காய்ந்து, சூடான காற்று மேலே எழும்பி, கடல் ஈரம் அதோடு சேர, சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். வெப்பச்சலனம் என்று அறிக்கையில் சொல்வது இதைத்தான். இந்த மழை எல்லாருக்கும் வரம் இல்லை. விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கிடப்பதால் அந்த மீனவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. வாலிநோக்கம் உப்பளத்தில் விளைந்த உப்பு கரைந்து போகும், சாயல்குடிப் பக்கம் பனையேறிகளுக்குப் பதநீர் கெடும். எங்க பெரியம்மா முண்டு மிளகாயைக் களத்தில் காயப்போட்டுவிட்டு மேற்கே கருக்கலைப் பார்த்துக்கொண்டே இருப்பார், நாலு தூறல் நனைந்தாலே வத்தல் நிறம் போய்விடும், விலை பாதிதான்.

மழை பெய்த மறுநாள் காற்றில்லாமல் வானம் வெளுத்திருந்தால் விடியலில் புகைபோலப் படியுமே, அதற்கும் ‘ஃபாக்’ என்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு உள்ளேயே கண்ணுக்கு எதுவும் தெரியாமல் மறைத்தால் மூடுபனி, அதைத் தாண்டியும் மங்கலாகத் தெரிந்தால் பனிமூட்டம் என்று சொல்லலாம். மாசி, பங்குனியில் வருவதற்கோ பெயரே இருக்கிறது, அது பின்பனிக் காலம். வெயில் ஏறினால் இரண்டுமே கலைந்துவிடும், அன்றைக்குப் பகலில் புழுக்கம் முந்தின நாளைவிடக் கூடுதலாகவே இருக்கும், நனைந்த மண் அத்தனையும் ஆவியாகி நம்மேல்தானே ஏறுகிறது.