கணக்கில் அரியர், ஜிபிஏ மட்டும் 8.17: அண்ணா பல்கலைக்கழகக் கிரேடு முறை

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மார்க்?" அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையால் அதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது பாடத்துக்கு ஓர் எழுத்து மட்டும்தான். அந்த எழுத்து எப்படி ஜிபிஏ (ஒரு செமஸ்டரின் சராசரி கிரேடு புள்ளி) ஆகிறது என்பதை 2021 ரெகுலேஷன்படி, அதாவது பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, பார்ப்போம். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும், பிறகு வந்த ரெகுலேஷனில் படிப்பவர்களுக்கும் விவரங்கள் மாறலாம்.

முதலில் தேர்ச்சி. தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு (கல்லூரியிலேயே நடக்கும் மதிப்பீடு) 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. இரண்டும் சேர்த்து 50 வேண்டும். கூடவே செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். இன்டர்னலில் 38 வாங்கிவிட்டோம் என்று தெம்பாக இருந்தவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையில் மாட்டுவது உண்டு.

தேர்ச்சி பெற்றால் ஓ (10 புள்ளி), ஏ பிளஸ் (9), ஏ (8), பி பிளஸ் (7), பி (6), சி (5) ஆகியவற்றில் ஒன்று கிடைக்கும். தவறினால் யு. 91 முதல் ஓ, 81 முதல் ஏ பிளஸ் என்று போகும் பட்டியலைப் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது 30 பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் படிக்கும் பாடங்களுக்குத்தான். அதற்கு மேல் போனால் ரிலேட்டிவ் கிரேடிங்: தேர்ச்சி பெற்றவர்களின் மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பாடத்துக்கும் எல்லைகள் தனித்தனியாக அமையும். அதனால்தான் ஒரே மார்க்குக்கு ஒரு பாடத்தில் ஏ-யும் இன்னொன்றில் பி பிளஸ்ஸும் வருகின்றன.

சரி, ஜிபிஏவுக்கு வருவோம். கிரேடு புள்ளியைப் பாடத்தின் கிரெடிட்டால் (பாடத்துக்குத் தரும் எடை) பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். முதல் செமஸ்டரில் 22 கிரெடிட். கணக்குப் பாடத்துக்கு 4, ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், பைத்தான் ஒவ்வொன்றுக்கும் 3, பைத்தான் லேப், இயற்பியல்-வேதியியல் லேப் இரண்டுக்கும் தலா 2, ஆங்கில லேபுக்கும் தமிழர் மரபுக்கும் தலா 1.

ஒரு மாணவி ஆங்கிலத்திலும் பைத்தானிலும் ஏ, இயற்பியலில் பி பிளஸ், வேதியியலில் பி, லேப்கள் மூன்றிலும் தமிழர் மரபிலும் ஓ வாங்குகிறார். கணக்கில் யு. யு வாங்கிய பாடத்தை ஜிபிஏ கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனவே மீதி 18 கிரெடிட்டுக்கு 147 புள்ளி, ஜிபிஏ 8.17. அதே மாணவி கணக்கில் சி வாங்கித் தேறியிருந்தால் 22 கிரெடிட்டுக்கு 167 புள்ளி, ஜிபிஏ 7.59 தான். தேறியவரைவிடத் தவறியவருக்கு எண் பெரிதாகத் தெரிகிறது! பெற்றோர் ஜிபிஏவை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது, எத்தனை பாடம் தேறியிருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பின்னால் அந்த அரியரை (தேறாமல் நின்ற பாடத்தை) சி கிரேடில் முடிக்கும்போது சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி, இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், விடுபட்ட 4 கிரெடிட் அப்போதுதான் கணக்கில் ஏறுகிறது.

சிஜிபிஏ என்பது எட்டு செமஸ்டர் ஜிபிஏக்களின் சராசரி அல்ல. எல்லாப் பாடங்களையும் ஒன்றாக வைத்து, அதே முறையில் போடுவது.

பட்டத்தில் முதல் வகுப்புக்கு சிஜிபிஏ 6.50 போதும், அரியர் வைத்திருந்தாலும் ஐந்து ஆண்டுக்குள் முடித்தால் சரி. அதற்கும் மேலான டிஸ்டிங்ஷனுக்கு 8.50 வேண்டும், எல்லாப் பாடங்களும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். மேலே சொன்ன மாணவி அடுத்த ஏழு செமஸ்டரில் என்ன வாங்கினாலும் அது கிடையாது.

சதவீதம் கேட்கும் படிவங்களில் சிஜிபிஏவைப் பத்தால் பெருக்கி எழுதுவதே இங்கு வழக்கம். 9.5-ஆல் பெருக்குவது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குச் சொன்ன கணக்கு, அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

அப்புறம் ஒன்று: தேர்வு நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் சும்மா போகாமல் இருந்துவிடாதீர்கள். படிப்புக் காலத்தில் ஒரு முறை, தகுந்த காரணம் காட்டி, கல்லூரி வழியாக 'வித்ட்ராயல்' (தேர்விலிருந்து விலகிக்கொள்ளும் அனுமதி) கேட்கலாம். ஆப்சென்ட் ஆனால் முதல் முயற்சி போய்விட்டது என்று அர்த்தம். வித்ட்ராயலுக்கு அனுமதி கிடைத்தால் டிஸ்டிங்ஷன் தகுதி அப்படியே இருக்கும்.