எட்டில் ஒரு பள்ளி விலகினால்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ரிப்ளி கவுண்டியை (மாநிலத்தின் உட்பிரிவு) சேர்ந்த ஆஸ்குட் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளிக்கு ஜாக்-சென்-டெல் என்று பெயர். அது எவருடைய நினைவாகவும் வைக்கப்பட்ட பெயர் அன்று. ஜாக்சன், சென்டர், டெலவேர் ஆகிய மூன்று டவுன்ஷிப்புகளின் (கவுண்டிக்குள் அடங்கும் சிறு பகுதிகள்) பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிப்பதால், மூன்று பெயர்களின் தொடக்க எழுத்துகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. அந்நாட்டுக் கிராமப்புறப் பள்ளிகளின் விளையாட்டுக் கூட்டமைப்புகளில் உறுப்பினர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்கான பதிலில் பாதி இந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

அங்கே ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படுவது, அருகருகே உள்ள, ஏறத்தாழ ஒரே அளவான சில பள்ளிகள் தாமாகக் கூடிச் செய்துகொள்ளும் உடன்பாடு. டெக்சாஸில் மாநில அமைப்பே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளிகளை விளையாட்டு மாவட்டங்களாகப் பிரித்துவிடுகிறது. இண்டியானாவிலோ மாநிலச் சங்கம் பருவ இறுதியில் வரும் சாம்பியன் போட்டியைப் பார்த்துக்கொள்ள, அதற்கு முந்தைய வாரங்களில் யார் யாரோடு ஆடுவது என்பதன் பெரும்பகுதியைக் கூட்டமைப்பின் அட்டவணைதான் முடிவுசெய்கிறது.

அந்த அட்டவணையை நீங்களே மேசைமேல் செய்து பார்க்கலாம். எட்டுப் பள்ளிகளின் பெயர்களை எட்டுச் சீட்டுகளில் எழுதி, மேலே நான்கும் கீழே நான்குமாக வையுங்கள். நேர்மேலும் கீழுமாக உள்ளவை முதல் வாரம் மோதுகின்றன. பிறகு இடது மேல்மூலைச் சீட்டை மட்டும் அசைக்காமல், மற்ற ஏழு சீட்டுகளையும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓரிடம் நகர்த்தினால் இரண்டாம் வாரம் கிடைக்கும். இப்படி ஏழு வாரங்களில் 28 ஆட்டங்கள் முடிந்து, ஒவ்வொரு பள்ளியும் மற்ற ஏழையும் ஒருமுறை சந்தித்திருக்கும். எந்த இரவிலும் எந்தப் பள்ளியும் சும்மா இருக்காது.

இப்போது ஒரு சீட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெற்றுத்தாளை வையுங்கள். ஆட்டங்கள் 21 ஆகக் குறைகின்றன. ஆனால் வாரங்கள் ஏழாகவே இருக்கின்றன, ஏனெனில் ஒவ்வொரு வாரமும் வெற்றுத்தாளுக்கு எதிரே அகப்படும் பள்ளி ஆட ஆளின்றி நிற்கிறது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்: ஏழு பள்ளிகளுக்கும் ஏழு வெவ்வேறு இரவுகள் காலியாவதால், அவை தமக்குள் ஆடி அந்த ஓட்டையை அடைத்துக்கொள்ள முடியாது. பக்கத்துக் கூட்டமைப்பில் இரட்டைப்படையில் பள்ளிகள் இருந்தால், அங்கே அதே இரவில் ஓய்வாக ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு பள்ளி விலகியதும், எஞ்சிய ஏழு பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பாளர்களும் அடுத்த ஆண்டு நாட்காட்டியை வைத்துக்கொண்டு, காலியான எதிரணியைத் தேடித் தொலைபேசியில் அலைய வேண்டியிருக்கிறது.

பள்ளிகள் விலகுவதற்கு முதன்மையான காரணம் பிள்ளைகளின் எண்ணிக்கை. அதே ரிப்ளி கவுண்டியின் மைலன் பள்ளி 1954-இல் 161 மாணவர்களுடன், 751 பள்ளிகள் கலந்துகொண்ட மாநிலக் கூடைப்பந்துப் போட்டியில், பாபி பிளம்ப் கடைசி நொடிகளில் போட்ட கூடையால் மன்சி சென்ட்ரல் பள்ளியை 32–30 என்று வென்றது. அன்று பெரிய பள்ளியும் சிறிய பள்ளியும் ஒரே போட்டியில்தான் ஆடின. மாணவர் எண்ணிக்கைப்படி போட்டியை நான்கு பிரிவுகளாகப் பிரித்தது 1997–98 பருவத்தில்தான். இடையில், 1959-இல் வந்த பள்ளி மறுசீரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து சிற்றூர்ப் பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஒரு கவுண்டிக்குள்ளேயே போதிய எதிரணிகள் இருந்த காலம் அத்தோடு முடிந்தது. இன்று மைலனும் ஜாக்-சென்-டெலும் ஆடும் ஒஹாயோ ரிவர் வேலி கான்ஃபரன்ஸில் ரைசிங் சன், சுவிட்சர்லாந்து கவுண்டி போன்ற பக்கத்துக் கவுண்டிப் பள்ளிகளும் இருக்கின்றன.

இணைப்பு ஒரு கூட்டமைப்பை இருமுறை அடிக்கக்கூடும். உறுப்பினர்களான இரண்டு பள்ளிகள் ஒன்றானால் எட்டு ஏழாகிறது. ஏறக்குறைய இருமடங்கு பெரிதான புதிய பள்ளி தன் அளவுக்கு ஏற்ற வேறு கூட்டமைப்பை நாடிப் போனால் ஏழு ஆறாகிறது. ஆறு என்பது இரட்டைப்படைதான், யாருக்கும் ஓய்வு விழாது. ஆனால் ஆட ஐந்து எதிரணிகள்தான் மிச்சம். வெளியே இருந்து ஒரு பள்ளியை அழைத்துச் சேர்த்தால், அது விட்டுவந்த கூட்டமைப்பில் அதே ஓட்டை விழுகிறது. ஒரு மூலையில் தொடங்கிய மாற்றம் பல கவுண்டிகளுக்கு அப்பால் போய் நிற்பது இதனால்தான்.

புதிதாக வருபவர் பெரும்பாலும் தொலைவில் இருப்பவர். வார நாளொன்றின் மாலையில் இளையோர் அணி முதலில் ஆடி, அதன்பின் முதன்மை அணி ஆடி முடித்து, குளித்து, மஞ்சள் பேருந்தில் ஏறும்போதே இரவு வெகுநேரமாகிவிடும். அங்கிருந்து ஊர் 40 கிலோமீட்டரா, 100 கிலோமீட்டரா என்பதைப் பொறுத்துத்தான் மறுநாள் முதல் வகுப்பில் அந்தப் பிள்ளை விழித்திருப்பதும் அமைகிறது. இந்தத் தொலைவுக்கு உறுப்பினர் கூட்டங்களில் வெற்றி தோல்விக் கணக்கைவிட அதிக எடை தரப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

எல்லா விளையாட்டும் ஒரே அளவு ஆளைக் கேட்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். கூடைப்பந்துக்குக் களத்தில் ஐவர் போதும். அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொருவர் வேண்டும். நெப்ராஸ்காவின் செஸ்டரில் பள்ளிப் பயிற்சியாளர் ஸ்டீபன் எப்ளர் 1934-இல் அறுவர் ஆட்டத்தை உருவாக்கியது அத்தனை பேரைத் திரட்ட முடியாத பள்ளிகளுக்காகத்தான்; அதில் 100 கெஜ மைதானம் 80 கெஜமாகச் சுருங்கியது. ஆகவே ஒரே கூட்டமைப்பில் கூடைப்பந்துக்கு எட்டுச் சீட்டுகளும் கால்பந்துக்கு ஐந்தே சீட்டுகளும் இருக்கலாம்; அட்டவணை போடுபவர் ஒவ்வொரு விளையாட்டுக்கும் மேசையில் சீட்டுகளைத் தனித்தனியே அடுக்குகிறார்.