ஒட்டுவதற்கு முன் ஒரு தம்ளர் உப்புநீர்

1950 கிறிஸ்துமஸுக்கு, லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் இருந்த ரோவெக்ஸ் நிறுவனம் 'பிரின்சஸ் எலிசபெத்' என்ற நீராவி எஞ்சினின் சிறு மாதிரியைச் செய்து மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்குக் கொடுத்தது. பிறகு புகழ்பெற்ற டிரையாங் பொம்மை ரயில்களுக்கு அதுதான் தொடக்கம். அந்த முதல் எஞ்சின்களில் பலவற்றின் உடல் இன்று வாழைக்காய் போல வளைந்து கிடக்கிறது. காரணம், அவை செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. அதை நெகிழ வைக்கும் பொருள் வருடக்கணக்கில் மெல்ல வெளியேறுவதால் உடல் சுருங்குகிறது. ஈரம் பட்டு அசிட்டிக் அமிலம் பிரிந்தால் வினிகர் வாடையும் வரும். சுருங்கியதை நிமிர்த்தப் பார்ப்பது வீண்வேலை, உடைந்துதான் போகும்.

பின்னர் வந்தவை பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற வேறொரு பிளாஸ்டிக். அவை உடைந்தால் அழகாக ஒட்டிச் சரிசெய்யலாம். அதனால் பசையைத் தொடுவதற்கு முன் கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்தாக வேண்டும். இதற்கு அடுக்களை உப்பே போதும். இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்தால் நீரின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.2 கிராம் ஆகும். உடைந்த துணுக்கை உள்ளே அமிழ்த்தி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளைத் தட்டிவிடுங்கள். பாலிஸ்டைரீன் (1.05) மிதக்கும். அசிட்டேட்டும் (1.3), பற்சக்கரங்களில் வரும் அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கும் (1.4) மூழ்கும். நைலானும் மிதக்கும் என்பதால் அடுத்து ஒரு சோதனை: உள்பக்கத்தில் கண்ணில் படாத இடத்தில் பியூட்டனோன் என்ற கரைப்பானில் ஒரு சொட்டு வையுங்கள். பாலிஸ்டைரீன் என்றால் பிசுபிசுக்கும், நைலான் அசையாது.

சரி, பாலிஸ்டைரீன்தான் என்று தெரிந்துவிட்டது. இங்கே சூப்பர் க்ளூ வேண்டாம் என்பேன். அது இரு துண்டுகளுக்கும் நடுவே எளிதில் நொறுங்கும் ஒரு படலமாக நிற்கிறது. அதன் ஆவி பட்டால் ரயில் பெட்டிகளின் கண்ணாடி போன்ற ஜன்னல்களும் வெளுத்துப் போகும். பியூட்டனோன் வேலை செய்யும் விதமே வேறு. பாலிஸ்டைரீனை நீண்ட மூலக்கூறு இழைகள் பின்னிக் கிடக்கும் இடியாப்பம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கரைப்பான் உள்ளே புகுந்ததும் இழைகள் தளர்ந்து நகரத் தொடங்குகின்றன. இரு விளிம்புகளும் தொட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பக்கத்து இழை அந்தப் பக்கத்துக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் அந்தப் பின்னல் அப்படியே இறுகிவிடும். அங்கே பசை என்று எதுவும் மிஞ்சுவதில்லை, பிளாஸ்டிக் மட்டும்தான் இருக்கிறது.

துண்டுகளை முதலில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் உள்பக்க விரிசலை லேசாகத் தொட்டால் போதும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல விரிசலே இழுத்துக்கொள்ளும். அதிகம் வைத்தால் பெயின்ட் போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அப்புறம் ஒருநாள் முழுக்கத் தொடாதீர்கள்.

பற்சக்கரங்கள் வேறு கதை. அவை செய்யப்படும் நைலான், அசிட்டால் ஆகியவற்றின் இழைகள் படிகம்போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் சாதாரணக் கரைப்பான்கள் உள்ளே போக முடியாது. போதாக்குறைக்கு, துளையைவிடச் சற்றே தடித்த அச்சில் அழுத்திப் பொருத்தப்பட்ட சக்கரம் பல பத்தாண்டுகளாக விரிந்தபடியே இருந்து, கடைசியில் பல்லின் அடியில் பிளக்கிறது. எதை வைத்து ஒட்டினாலும் அந்தப் பிளவால் இரண்டு பற்களின் இடைவெளி கூடிப்போயிருக்கும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் 'டக்' என்று ஒருமுறை தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் புதுச் சக்கரம்தான் வாங்க வேண்டும்.