பிளே-ஆஃப்: தகுதிச் சுற்றா, வாகைச் சுற்றா?

பிளே-ஆஃப் என்ற சொல் நம் பேச்சில் நன்றாகவே ஊறிவிட்டது. ஐபிஎல் நடக்கும் மாதங்களில் தேக்காவில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து மேசையிலிருந்து அது காதில் விழாமல் இருக்காது. "சென்னை பிளே-ஆஃப் போகுமா?" என்று கேட்கும் யாரும் அதை அந்நியச் சொல்லாக நினைப்பதில்லை. ஏப்ரலில் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கிலும் பிளே-ஆஃப் தொடங்கிவிடும். அங்கே இரவு என்றால் இங்கே காலை. வேலைக்கும் பள்ளிக்கும் போகிற வழியில், எம்ஆர்டி ரயிலில் கைப்பேசித் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் நிற்கும் இளையர்களை அந்த மாதத்தில் பார்க்கலாம்.

பேச்சில் இருக்கட்டும், தடையில்லை. எழுதும்போது என்ன செய்வது? பெரும்பாலும் 'தகுதிச் சுற்று' என்று எழுதிவிடுகிறோம். சிலர் 'நாக்-அவுட் சுற்று' என்கிறார்கள். இரண்டுமே கூடைப்பந்துக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. அதிலும் வெகுநாள் அடிமட்டத்தில் கிடந்த ஒரு குழு மறுபடி தலைதூக்கும் செய்தியை எழுதும்போது இந்தச் சொற்கள் நம்மைக் கைவிட்டுவிடுகின்றன.

முதலில் பொருள். என்பிஏவில் 30 குழுக்கள். ஒவ்வொன்றும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை 82 ஆட்டம் ஆடும். கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவு. பிரிவுக்கு எட்டாக 16 குழுக்கள் அடுத்த கட்டத்துக்குப் போகும், மற்றவை வீட்டுக்குப் போகும். அந்த அடுத்த கட்டம்தான் பிளே-ஆஃப். அதில் இரண்டு இரண்டு குழுவாக மோதும். ஏழு ஆட்டத்தில் எது முதலில் நான்கை வெல்கிறதோ அது மேலே போகும். கடைசியில் எஞ்சும் இரண்டும் மோதுவது இறுதித் தொடர்.

இனி சொல் பிறந்த கதை. ஆங்கிலத்தில் 'பிளே' என்றால் ஆடு. 'ஆஃப்' என்பது இங்கே விலகுவதையோ அணைப்பதையோ குறிக்கவில்லை. ஒரு வேலையை மிச்சமில்லாமல் முடிப்பதைக் குறிக்கிறது. கடனை 'பே ஆஃப்' செய்தான் என்றால் கட்டித் தீர்த்தான் என்று பொருள். அதே அச்சில் 'பிளே ஆஃப்' என்றால் ஆடித் தீர்ப்பது. நம் மொழியில் 'தீர்' என்ற துணைவினை அப்படியே அந்த வேலையைச் செய்கிறது: பேசித் தீர்த்தார்கள், கட்டித் தீர்த்தார்கள், ஆடித் தீர்த்தார்கள்.

எதை ஆடித் தீர்ப்பது? சமநிலையை. இரண்டு பேர் ஒரே புள்ளியில் வந்து நின்றுவிட்டால் யார் வெற்றியாளர் என்று முடிவுகட்டக் கூடுதலாக ஆடும் ஆட்டமே பிளே-ஆஃப்பின் பழைய பொருள். குழிப்பந்தில் இன்றுவரை அதே பொருள்தான்: கடைசி நாள் முடிவில் இருவர் சமமாக நின்றால் கூடுதல் குழிகள் ஆடித் தீர்ப்பார்கள். அமெரிக்க பேஸ்பாலில் 1951ஆம் ஆண்டு நியூயார்க் ஜயன்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற இரு குழுக்கள் லீக்கை ஒரே நிலையில் முடித்தன. மூன்றில் இரண்டு வெல்பவருக்கு என்று ஒரு பிளே-ஆஃப் வைத்துத்தான் முடிவெடுத்தார்கள். அதாவது, அது என்றைக்காவது வரும் விதிவிலக்கு.

விதிவிலக்கு வழக்கமானது பிறகு. லீக்குகள் பிரிவு பிரிவாக ஆடத் தொடங்கியபோது பிரிவுக்கு ஒரு முதலிடக் குழு உருவானது. இவற்றில் யார் பெரியவர் என்பதையும் ஆடித்தானே தீர்க்க வேண்டும்? பழைய சொல் அங்கே ஒட்டிக்கொண்டது. அப்புறம் முதலிடக் குழு மட்டும் போதாது, இரண்டாமிடமும் வரட்டும், நான்காமிடமும் வரட்டும் என்று வாசல் அகன்றுகொண்டே போனது. இன்று பருவத்தின் உச்சக்கட்டம் முழுவதற்கும் அதுதான் பெயர். ஐபிஎல் இந்த முறைக்கு மாறியது 2011ல். அதுவரை அங்கேயும் அரையிறுதிதான்.

காற்பந்தில் இதே சொல் வேறு பக்கம் போனது. இங்கிலாந்தில் 1986-87 பருவத்தில் கொண்டுவந்த பிளே-ஆஃப், கீழ் நிலை லீக்கிலிருந்து மேல் நிலைக்கு ஏறும் இடத்துக்கானது. உலகக் கிண்ணத்துக்கு நேரடியாக நுழைய முடியாத நாடுகள் கடைசி வாய்ப்பாக ஆடுவதும் பிளே-ஆஃப். இங்கே 'தகுதிச் சுற்று' என்பது கச்சிதமான மொழிபெயர்ப்பு. நம் செய்திகளில் காற்பந்துக்கு இருக்கும் இடம் பெரிது. அங்கே சரியாக இருந்த சொல் அப்படியே கூடைப்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. குழப்பத்தின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்க் குழுவான சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் வரலாற்றிலும் இந்தச் சொல் இரண்டு வேடம் போட்டிருக்கிறது. 2006ல் ஸ்லிங்கர்ஸ் ஆஸ்திரேலியாவின் தேசிய கூடைப்பந்து லீக்கில் சேர்ந்தது. அந்த நாட்டில் பருவத்தின் கடைசிக் கட்டம் முழுவதையுமே 'ஃபைனல்ஸ்' என்பார்கள். காலிறுதியும் ஃபைனல்ஸ்தான், அரையிறுதியும் ஃபைனல்ஸ்தான். 2008ல் அங்கிருந்து விலகி, 2009ல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் ஸ்லிங்கர்ஸ் தொடக்கக் குழுக்களில் ஒன்றாக இறங்கியபோது அதே கட்டத்துக்குப் பெயர் பிளே-ஆஃப்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்க்கலாம். மாலையில் எந்த வீவக பேட்டையின் கூடைப்பந்துத் திடலுக்குப் போனாலும் மாண்டரின் பேச்சு கேட்கும். இங்கே இந்த விளையாட்டைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் சீன சமூகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் பிளே-ஆஃப்பை 'ஜி ஹோ சாய்' என்கிறார்கள். பருவத்துக்குப் பிந்திய போட்டி என்று பொருள். எப்போது நடக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்ட சொல். மலாயில் நாக்-அவுட் சுற்றுக்கு 'காலா மாத்தி' என்பார்கள். காலா என்றால் தோல்வி, மாத்தி என்றால் சாவு. தோற்றால் செத்தாய்! தோற்றவனுக்கு என்ன ஆகிறது என்பதைப் பிடித்துக்கொண்ட சொல். இரண்டு மொழிக்காரர்களும் தங்கள் மொழியின் போக்கிலேயே இயல்பாகச் சொல்லெடுத்திருக்கிறார்கள்.

நாம் எதைப் பிடித்துக்கொள்ளலாம்?

'தகுதிச் சுற்று' ஏன் ஆகாது என்றால், தகுதி பெற்றவர்கள் ஆடுவதுதான் பிளே-ஆஃப். 82 ஆட்டம் ஆடித் தகுதியைச் சம்பாதித்துக்கொண்டு வந்த குழுவை மறுபடி தகுதிச் சுற்றில் நிறுத்துவது அநியாயம். என்பிஏவில் உண்மையான தகுதிச் சுற்று ஒன்று தனியாகவே இருக்கிறது. அதன் பெயர் பிளே-இன். ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு குழுக்களுக்கு அது தேவையில்லை. ஏழாவதும் எட்டாவதும் மோதும். வென்றது ஏழாம் இடத்தைப் பிடிக்கும். ஒன்பதாவதும் பத்தாவதும் மோதும், தோற்றது வெளியே. முதல் மோதலில் தோற்றதும் இரண்டாவதில் வென்றதும் மோதி, எட்டாம் இடம் யாருக்கு என்று முடிவாகும்.

2023ல் மயாமி ஹீட் இந்த வழியாகத்தான் வந்தது. முதலில் அட்லான்டாவிடம் தோற்றது. அடுத்து சிகாகோவை வென்று எட்டாவது குழுவாக நுழைந்தது. நுழைந்த பிறகு கிழக்கில் முதலிடம் பிடித்திருந்த மில்வாக்கியை நான்குக்கு ஒன்று என்று வீழ்த்தி, நியூயார்க்கையும் பாஸ்டனையும் தாண்டி, இறுதித் தொடரில்தான் டென்வரிடம் தோற்றது. இந்தக் கதையை எழுத உட்காருங்கள். 'தகுதிச் சுற்றில் வென்று தகுதிச் சுற்றுக்குள் நுழைந்த மயாமி' என்று வாக்கியம் முட்டிக்கொண்டு நிற்கும். ஐபிஎல்லில் இன்னும் சங்கடம், பிளே-ஆஃப்புக்குள்ளேயே 'குவாலிஃபையர்' என்ற பெயரில் இரண்டு ஆட்டம் இருக்கிறது.

'நாக்-அவுட்', 'வெளியேற்றுச் சுற்று' இரண்டும் ஒரே ஆட்டத்தில் தலையெழுத்து முடியும் போட்டிகளுக்குச் சரி. ஏழில் நான்கு வெல்லும் தொடரில் ஒரு குழு மூன்று தடவை தோற்றும் பிழைத்துக்கொள்ளலாம். 'இறுதிச் சுற்று' என்று ஆஸ்திரேலியர் வழியில் போகலாமா என்றால், அதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஸ்லிங்கர்ஸ் 2016, 2017, 2019 என்று மூன்று முறை ஆசியான் லீக்கின் இறுதித் தொடர்வரை போனது. மலேசியா டிராகன்ஸிடமும் இந்தோனேசியாவின் சிஎல்எஸ் நைட்ஸிடமும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், ஐந்தாவது ஆட்டம்வரை இழுத்துத் தோற்றது. நடுவில் ஹாங்காங் ஈஸ்டர்னிடம் மூன்றுக்கு ஒன்று. கிண்ணம் கைக்கு வரவில்லை, உண்மைதான். ஆனால் காலிறுதியோடு திரும்பிய குழுவையும் இந்தக் குழுவையும் 'இறுதிச் சுற்றில் ஆடியவை' என்று ஒரே பெயரில் அடைத்தால் அந்த உழைப்பு தெரியாமலே போய்விடும்.

எனக்குப் பிடித்த சொல் வாகைச் சுற்று. 'வாகை சூடியது' என்று விளையாட்டுச் செய்திகளில் இன்றும் எழுதுகிறோம், அகராதியில் மட்டும் தூங்கும் சொல் இல்லை அது. போரில் வென்றவர் வாகைப் பூவைச் சூடியது பழைய மரபு. தொல்காப்பியம் வாகைத் திணைக்குச் சொல்லும் இலக்கணம் போரோடு நின்றுவிடவில்லை. 'தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்' என்கிறது. அவரவர் தமக்குரிய தொழிலில் மற்றவரைவிட மேம்பட்டு விளங்குவது வாகை. அரசனுக்கும் உண்டு, அறிவனுக்கும் உண்டு. பந்தைக் கூடையில் போடுகிறவனுக்கு ஏன் இருக்கக் கூடாது? (நம் சாலைகளுக்குக் குடைபிடிக்கும் மழைமரத்துக்குத் தமிழ்நாட்டில் தூங்குமூஞ்சி வாகை என்று ஒரு பெயர் உண்டு. சூடிய வாகை அதுவல்ல, என்றாலும் உறவுக்கார மரம்.) வாகைக்காக ஆடும் சுற்று வாகைச் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றும் இயல்பாக அதற்குள் அடங்கும்.

'பட்டச் சுற்று' என்றும் சொல்லலாம். நெற்றியில் கட்டிய பொற்பட்டத்திலிருந்து வந்தது பட்டம். பட்டத்து யானை, பட்டத்து இளவரசர் எல்லாம் அதன் வழிதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் படிப்பு முடித்து வாங்கும் பட்டமும் காற்றில் விடும் பட்டமும் முந்திக்கொண்டு வரும். குழிப்பந்தில் வரும் பழைய பொருளுக்கு 'தீர்வாட்டம்' போதும். காற்பந்தில் 'தகுதிச் சுற்று' இருந்தபடியே இருக்கட்டும். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு சொல் 'கன்டென்ஷன்'. 'பிளே-ஆஃப் கன்டென்ஷனுக்குத் திரும்பியது' என்று ஆங்கிலச் செய்தி சொன்னால் நாம் 'பிளே-ஆஃப் போட்டிக்குத் திரும்பியது' என்று எழுதிவிடுகிறோம். படிப்பவர் அந்தக் குழு பிளே-ஆஃப்பில் ஏற்கெனவே ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வார். போட்டி என்ற சொல் நம்மிடம் ஆட்டத்தையும் குறிக்கிறது, முட்டிமோதுவதையும் குறிக்கிறது. அதனால் வந்த சிக்கல். இங்கே தேவையான சொல் 'வாய்ப்பு'.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24 பருவத்தில் 14 வெற்றி, 68 தோல்வி. அதில் 28 தோல்வி தொடர்ச்சியாக. அந்தப் பருவத்தில் அவர்களுக்கு வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த பருவம் அதே குழு 44 வெற்றி, 38 தோல்வி என்று முடித்தது. பருவத்தின் நடுவில், தோல்விக்குச் சமமாக வெற்றியும் சேர்ந்துவந்த நாள்களில், 'வாகைச் சுற்று வாய்ப்புக்கு உயிர் வந்தது' என்று எழுதலாம். இனி யார் வென்றாலும் தோற்றாலும் இடம் பறிபோகாது என்ற நிலை வந்ததும் 'இடத்தை உறுதிசெய்தது'. கிழக்கில் ஆறாம் இடம் பிடித்து, பிளே-இன் தேவைப்படாமல் ஏப்ரலில் களமிறங்கியபோது 'வாகைச் சுற்றில் நுழைந்தது'. நியூயார்க்கில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் கேட் கன்னிங்ஹாம் 33 புள்ளி எடுக்க, 2008க்குப் பிறகு முதன்முறையாக அந்தக் கட்டத்தில் ஓர் ஆட்டத்தை வென்றார்கள். தொடரை இழந்தாலும் அந்த ஒரு வெற்றிக்கு 17 ஆண்டு காத்திருந்த ஊர் அது. வாய்ப்பு, உறுதி, நுழைவு, வெற்றி என்ற நான்கு படியையும் ஒரே 'பிளே-ஆஃப் போட்டி'யில் அமுக்கினால் இந்த ஏற்றத்தை எப்படிக் காட்டுவது?

சாக்ரமென்டோ கிங்ஸ் 16 பருவம் வெளியே நின்றுவிட்டு 2023ல் திரும்பியபோதும் இப்படித்தான். அந்தக் குழு மேற்கில் 'மூன்றாவது சீட்' (seed, அதாவது தரவரிசை இடம்) என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். அதை 'மூன்றாம் விதை' என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு, வேண்டாம். 'மேற்கில் மூன்றாம் இடம் பிடித்த சாக்ரமென்டோ' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.