கொதித்த பிறகு எரியும் தீ எங்கே போகிறது?

அடுப்பில் பாத்திரம் தளதளவென்று கொதிக்கிறது. சீக்கிரம் வேகட்டும் என்று தீயை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறோம். குமிழிகள் பெருகுகின்றன, ஆவி குபுகுபுவென்று கிளம்புகிறது, சத்தமும் கூடுகிறது. வேலை மும்முரமாக நடக்கிறது என்று ஒரு திருப்தி. அந்த நேரத்தில் ஒரு சமையல் வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் என்றால் 100 டிகிரி செல்சியஸ் காட்டும். தீயைத் தணித்து, ஓரத்தில் நாலு குமிழி மட்டும் எழும்படி வையுங்கள். இப்போதும் ஏறக்குறைய அதே 100தான். உள்ளே கிடக்கும் காய்க்கு இந்த இரண்டு தீக்கும் வித்தியாசம் தெரியாது. எரிபொருள் செலவுக்குத்தான் தெரியும்.

கூட்டிய தீயின் வெப்பம் எங்கேதான் போகிறது? இந்தக் கேள்வியை ஒழுங்காக அளந்து பார்த்தவர் ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த விஞ்ஞானி. ஒரே சீரான வெப்பத்தில் தண்ணீரை வைத்து, அது கொதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, கொதித்தபின் முழுவதும் வற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தார். வற்றுவதற்கான நேரம் பல மடங்கு நீண்டது. அத்தனை நேரமும் அடுப்பு எரிந்தது, ஆனால் தண்ணீரின் சூடு ஒரு டிகிரிகூட ஏறவில்லை. வெப்பமானியில் தென்படாமல், நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும் இந்த வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

இன்றைய அளவுகளில் சொன்னால், 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 314 கிலோ ஜூல் வேண்டும் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு). அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோ ஜூல். ஏழு மடங்குக்கும் மேல்! கொதிக்க வைப்பது சின்னச் செலவு. கொதித்துக்கொண்டே இருக்க விடுவதுதான் பெரிய செலவு. எந்த நிபுணரும் இல்லாமல் வீட்டிலேயே இதை அளந்துவிடலாம். பயறு வேகவைக்கும்போது ஊற்றும் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். கடைசியில் கால் லிட்டர் ஆவியாகிப் போயிருந்தால், ஏறத்தாழ 560 கிலோ ஜூல் காற்றோடு போனது என்று பொருள். இன்னொரு பாத்திரத்தில் 1.8 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும்.

போன வெப்பம் மாயமாகிவிடுவதில்லை. ஆவி, குளிர்ந்த சுவரிலோ ஜன்னல் கண்ணாடியிலோ பட்டுத் திரும்ப நீராகும்போது, வாங்கிய வெப்பம் முழுவதையும் அங்கே இறக்கிவைக்கிறது. சமையலறை புழுங்குவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஆக, பெருந்தீயில் கொதிக்கவிடுவது எரிபொருளை மட்டும் தின்னவில்லை, அங்கே நின்று சமைப்பவரையும் வேகவைக்கிறது. சிக்கனம் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். ஆவி சுட்ட புண், வெந்நீர் பட்ட புண்ணைவிட மோசமாக இருப்பதற்கும் இதே உள்ளுறை வெப்பம்தான் காரணம். தோலில் பட்ட ஆவி முதலில் நீராக மாறி அத்தனை வெப்பத்தையும் கொட்டிவிட்டு, அதன்பிறகு வெந்நீராகவும் சுடுகிறது. மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மருந்து மூடி. மேலே கிளம்பும் ஆவி மூடியின் அடியில் பட்டு நீராகிப் பாத்திரத்துக்குள்ளேயே சொட்டுகிறது. மூடி வழியாகக் கொஞ்சம் வெப்பம் கசியத்தான் செய்யும். ஆனால் திறந்த பாத்திரத்தில் போவதோடு ஒப்பிட்டால் அது அற்பம். மூடிய பாத்திரம் கொதித்தபின் அதே நிலையில் இருக்க, அடுப்பின் மிகச் சிறிய தீயே போதும். பொங்கி வழிகிறதே என்பார்கள். வழிவது பெரும்பாலும் தீயைக் குறைக்காததால்தான்.

இதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உரக்கச் சொன்னவர் ரம்ஃபோர்டு பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்சன். அமெரிக்காவில் பிறந்து, இன்றைய ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் ஆட்சிப் பணிக்குப் போனவர். பீரங்கிக் குழல் துளைக்கும்போது எழும் சூட்டைப் பார்த்து, வெப்பம் என்பது ஒரு பொருள் அல்ல, இயக்கம் என்று வாதிட்டவர். அதே மனிதர் மியூனிக்கில் ஏழைகளுக்குக் கூட்டமாக உணவு சமைக்கும் ஏற்பாட்டையும் செய்தார். ஆயிரக்கணக்கானோருக்கு அடுப்பு மூட்டும்போது ஒவ்வொரு விறகும் கணக்குத்தானே? வேகமாகக் கொதிக்கவிடுவதால் சமையல் இம்மியளவும் விரைவதில்லை, எரிபொருள்தான் பயங்கரமாக வீணாகிறது என்று அவர் எழுதிவைத்தார். நெருப்பைச் சுவர்களுக்குள் அடைத்து, காற்று நுழைவதைக் கட்டுப்படுத்தி, பாத்திரம் அதனுள் அமரும்படி அடுப்புகளையும் வடிவமைத்தார்.

தீயின் நிறத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. எரிவாயு அடுப்பில் நீலச் சுவாலைதான் சரியான தீ. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், காற்று போதாமல் வாயு முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். அப்படி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நச்சு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பர்னரின் துளைகளைச் சுத்தம் செய்வதும் ஜன்னலைத் திறந்துவைப்பதும் பணத்தோடு உடம்பையும் காக்கும். விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவை வீட்டுக்குள் எரிவதால் வரும் காற்று மாசு 2020இல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

சரி, கொதிநிலைக்கு மேல் தண்ணீர் ஏறாது. உணவுக்கு எவ்வளவுதான் தேவை? பல பொருட்களுக்கு 100கூட வேண்டியதில்லை. முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் கட்டியாகத் தொடங்குகிறது, மஞ்சள்கரு 70 டிகிரியை நெருங்கும்போது இறுகிவிடுகிறது. மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் குழைவது பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரிக்குள். கொதித்த தண்ணீரில் முட்டையைப் போட்டு, அடுப்பை அணைத்து மூடிவைத்தாலே அது பாட்டுக்கு வெந்துவிடுவதன் ரகசியம் இதுதான். தண்ணீரில் உப்புப் போட்டால் சூடு கூடி விரைவில் வேகும் என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. ஒரு லிட்டருக்கு 58 கிராம் உப்பைக் கொட்டினால் கொதிநிலை ஒரே ஒரு டிகிரிதான் உயரும். அந்த உப்பில் சமைத்ததை வாயில் வைக்க முடியாது.

உண்மையில் நேரம் பிடிப்பது வெளியே உள்ள சூடு உணவின் நடுப்பகுதிவரை போய்ச் சேருவதற்குத்தான். வெப்பம் ஒரு திடப்பொருளுக்குள் ஊடுருவும் நேரம் அதன் தடிமனின் இருமடியைப் பொறுத்தது. அதாவது தடிமன் பாதியானால் நேரம் பாதி ஆகாது, கால்பங்காகிவிடும். நாலு சென்டிமீட்டர் உருளைக்கிழங்குத் துண்டை இரண்டு சென்டிமீட்டராக நறுக்கினால், நடுப்பகுதி சூடேற நாலில் ஒரு பங்கு நேரம் போதும். கத்தியால் செலவழிக்கும் இரண்டு நிமிடம், அடுப்பில் பத்து நிமிடத்தை மிச்சம்பிடிக்கும். ரொம்பப் பொடியாக நறுக்கினால் வெட்டுப்பரப்பு கூடி, வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகள் அதிகமாக வெளியேறும். எனவே நடுத்தர அளவு, குறைந்த தண்ணீர், அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலேயே சேர்த்துக்கொள்வது என்று போவது நல்லது. காய்ந்த பயறுகளின் கதை வேறு. அங்கே வெப்பத்தைவிட மெதுவாக உள்ளே போவது தண்ணீர். அடுப்பில் எரிபொருள் செலவழித்து நடக்கவேண்டிய அந்த வேலையை, முந்தின இரவே ஊறவைத்தால் காலம் இலவசமாகச் செய்து முடித்துவிடும்.

தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: மேலே அழுத்தும் காற்று மாறாதிருக்கும்வரை. மலையில் ஏறினால் காற்றழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். அதனால்தான் உயரமான மலை ஊர்களில் பருப்பு வேக மறுக்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் இதற்கு நேர்மாறு. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் செய்துகாட்டிய கருவி இதைத்தான் பயன்படுத்தியது. இறுக மூடிய பாத்திரத்தில் ஆவியை அடைத்து, கெட்டி எலும்பையே மெத்தென்று ஆக்கினார். பாத்திரம் வெடித்துவிடாதபடி, எடையால் அழுத்தப்பட்ட பாதுகாப்பு வால்வையும் சேர்த்தார். இன்றைய குக்கரின் வெயிட் அந்த யோசனையின் நேர் வாரிசு.

வீட்டுக் குக்கரில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. அப்போது தண்ணீர் 120 டிகிரிவரை திரவமாகவே இருக்கும். சமையலில் நடக்கும் பல வேதிவினைகள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் பெறும் என்பது ஒரு தோராயமான விதி. 20 டிகிரி கூடினால் நாலு மடங்கு. ஒரு மணி நேரம் எடுப்பது கால் மணியில் முடிவது இப்படித்தான். இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. வெயிட் தூக்கும் அழுத்தம் வந்துவிட்டால், அதற்குமேல் கொடுக்கும் தீ உள்ளே சூட்டை ஏற்றாது, ஆவியாக வெளியே சீறிப்போகும். திறந்த பாத்திரத்தில் நடந்த அதே வீண், இப்போது சத்தத்தோடு. விசில் வருவது வேகவைக்கும் வேலையின் அளவு அல்ல, மிஞ்சிய வெப்பத்தின் அளவு. பெருந்தீயில் ஐந்து விசில் சில நிமிடங்களில் வந்துவிடும், சிம்மில் ஒன்றுகூட வராமல் பயறு வெந்திருக்கும். விசிலை எண்ணுவதைவிட, முதல் விசில் வந்ததும் சிம்முக்கு மாற்றிக் கடிகாரத்தைப் பார்ப்பதே சரியான கணக்கு. அணைத்தபிறகும் அழுத்தம் தானாக இறங்கும்வரை உள்ளே சமையல் நடந்துகொண்டுதான் இருக்கும், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குடிநீரைக் காய்ச்சும்போதும் இதே வீணைப் பார்க்கிறோம். பத்து நிமிடம், இருபது நிமிடம் கொதிக்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். நோய்க்கிருமிகள் அவ்வளவு வைராக்கியம் உள்ளவை அல்ல. பாலைப் பாதுகாக்க 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினாலே போதும் என்பதை நினைத்துப் பாருங்கள். நீர் நன்றாகக் கொதித்துப் புரளும் நிலைக்கு வந்ததும் இறக்கித் தானாக ஆறவிட்டால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிநிலை குறைவாக இருக்கும் உயரமான மலைப்பகுதிகளில் மட்டும் மூன்று நிமிடம் விடலாம். ஆனால் காய்ச்சுவதால் ஆர்சனிக், நைட்ரேட் போன்ற வேதிப்பொருட்கள் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

அடுப்பை முன்கூட்டியே அணைத்து, பாத்திரத்தைக் கனத்த போர்வையிலோ வைக்கோல் பெட்டியிலோ பொதிந்து, தங்கிய சூட்டிலேயே வேகவைக்கும் முறையும் உண்டு. இரண்டு உலகப் போர்க் காலங்களிலும் எரிபொருள் தட்டுப்பாட்டில் இதைப் பரவலாகக் கையாண்டார்கள். நல்ல முறைதான். ஆனால் இரண்டு இடங்களில் சிக்கனத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது ராஜ்மா. அதில் இயற்கையாகவே இருக்கும் லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம், நிஜமாகவே கொதிக்கவேண்டும். 80 டிகிரியில் மெதுவாக வேகவைத்தால் நச்சுத்தன்மை குறைவதற்குப் பதிலாகக் கூடக்கூடும். முதலில் கொதிக்கவைத்து, பிறகு பொதிந்துவைப்பதில் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, மீந்த உணவு. 60 டிகிரிக்குக் கீழே இறங்கி 5 டிகிரிக்கு மேலே நிற்கும் உணவில் கிருமிகள் பெருகும். வேகவைத்த அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையலுக்குத் தப்பிப் பிழைத்து, பிறகு முளைத்து, நச்சைச் சுரக்கும். அவற்றில் ஒரு வகை நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ‘சுடவைத்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்பது இங்கே செல்லாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பெரிய பாத்திரத்தோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். உருளைக்கிழங்கு நறுக்கும்போது பார்த்த இருமடிக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது: அகலமான தட்டுகளில் பரப்பி ஆழத்தைப் பாதியாக்கினால், ஆறுவதற்கு ஏறத்தாழ கால்பங்கு நேரம்தான் ஆகும்.